மெஷின் டபுள் அடிக்கும் சத்தம்

1986-இல் புனே அருகே சிஞ்ச்வட்டுக்கு வந்த எனக்கு முதலில் கிடைத்த பாதுகாப்புப் பாடம் ஒரு சத்தம். தகட்டை அடித்து வெட்டும் பவர் பிரஸ் நல்ல நிலையில் இருந்தால் 'டங்' என்று ஒரே அடி, அதோடு அமைதி. கிளட்ச் சாவி தேய்ந்தாலோ அதன் ஸ்பிரிங் தளர்ந்தாலோ அடித்து முடித்த பின்னால் மெல்லிய ஒரு கரகரப்பு தொடரும். அதைக் கவனிக்காமல் விட்டால், பெடலை மிதிக்காமலேயே மேலிருந்து அடிக்கும் பாகமான ராம் இன்னொரு தடவை கீழே இறங்கிவிடும். 'டபுள் மார்தா ஹை' என்பார்கள் ஆபரேட்டர்கள். முதல் அடி முடிந்து, வெட்டிய துண்டை எடுக்க டைக்குள் கை போகிற அந்த நொடியில்தான் இரண்டாவது அடி விழும்.

டிப்ளமோ முடித்த கையோடு தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்தேன். சிஞ்ச்வட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நாலு பேராக ஓர் அறை. போசரியில் ஒரு ஷீட் மெட்டல் பட்டறையில் வேலை. போக வர சைக்கிள். சிஞ்ச் என்றால் புளி, வட் என்றால் ஆல், அந்த மரங்களால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்று சொல்வார்கள். நான் வந்தபோது மரங்களைவிடப் புகைபோக்கிகளே அதிகம் கண்ணில் பட்டன. பிம்ப்ரியில் 1954-இல் வந்த இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், 1966-இல் தொடங்கிய டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்), ஆகுர்டியில் பஜாஜ் ஸ்கூட்டர் ஆலை என்று பெரிய மதில்கள் நெடுஞ்சாலையோரம் வரிசையாக நிற்கும். அந்த மதில்களுக்குள் ஓடும் வண்டிகளுக்கு வாஷர், பிராக்கெட், கிளாம்ப் என்று சில்லறைச் சாமான்கள் வெட்டிக் கொடுத்தவை எங்களைப் போன்ற தகரக்கூரைப் பட்டறைகள்.

எங்கள் பட்டறையில் நாங்கள் 14 பேர், பிரஸ் ஐந்து. டையைச் சுற்றி மாட்ட வேண்டிய கம்பிக்கூண்டு சுவரில் ஆணியடித்துத் தொங்கும். கூண்டை மாட்டினால் தகட்டை உள்ளே தள்ளுவதற்கு நேரம் பிடிக்கும். கூலியோ துண்டுக் கணக்கு. ஆகவே கூண்டு கீழே இறங்கும் நாள் வருடத்தில் ஒன்றுதான்: தசராவுக்கு முந்தைய நாள், கண்டே நவமி. அன்று எல்லா மெஷினையும் துடைத்து, செவ்வந்தி மாலை போட்டு, தேங்காய் உடைப்போம். கூண்டுக்கும் ஒரு மாலை விழும். மறுநாள் பழையபடி ஆணிக்குப் போய்விடும்.

அந்த வருடம் மழைக்காலத்தில், மராத்வாடாவிலிருந்து வந்து மூன்று மாதமே ஆன ஒரு பையனுக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. வயது 19. இரண்டு நாளாகவே மெஷின் கரகரத்துக்கொண்டிருந்தது. பக்கத்து மெஷினில் இருந்த மூத்த ஆபரேட்டருக்கு அது தெரியும். 'சாவி போகப்போகிறது' என்று டீ குடிக்கும்போது என்னிடமே சொன்னார். நானும் கேட்டுக்கொண்டேன். சொல்வதற்கு எங்களுக்கு ஓர் இடம் இருக்கவில்லை. ஃபோர்மேனிடம் சொன்னால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் கூலி நிற்கும். பையனை ஈஎஸ்ஐ மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, தரையில் மரத்தூள் போட்டுத் துடைத்தார்கள். சாயந்தரத்துக்குள் சாவியை மாற்றி மெஷின் ஓடியது. விபத்துப் படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் ஒரே சொல்: கவனக்குறைவு. அதை எழுதியது என் கை. எனக்குத்தான் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நாற்பது வருடமாகியும் அந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் ஓடும் இயந்திரத்துக்கு வேலியிட வேண்டும் என்று 21-ஆம் பிரிவிலேயே சொன்னது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-இல் அதில் ஒரு புதிய அத்தியாயத்தைச் சேர்த்தார்கள். ஆபத்து நெருங்குகிறது என்று தோன்றினால் தொழிலாளியே அதை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம் என்ற உரிமை அப்போதுதான் எழுத்தில் வந்தது. ஆனால் அந்த உரிமை 'அபாயகரமான செய்முறை' நடக்கும் ஆலைகளுக்கு மட்டுமே இருந்தது. ரசாயனம் கசிந்தால் அபாயம். பிரஸ் இரண்டு தடவை இறங்குவது அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவரைக் கட்டாயமாக நியமிக்க 1,000 பேராவது வேலை செய்ய வேண்டியிருந்தது. நாங்கள் 14 பேர்.

இன்றைய சிஞ்ச்வட்டில் அந்தப் பழைய சாலையில் நின்றால் திசை குழம்புகிறது. எல்ப்ரோ ஆலை இருந்த நிலத்தில் பெரிய மால். ஆகுர்டியில் பஜாஜ் வண்டி உற்பத்தி 2007-இல் நின்றது. 2022 மார்ச்சிலிருந்து பிம்ப்ரியில் மெட்ரோ ஓடுகிறது. ஆலைகள் பலவும் சாக்கன் பக்கம் நகர்ந்துவிட்டன. சின்னப் பட்டறைகள் மட்டும் போசரியிலும் தளவடேயிலும் அப்படியே இருக்கின்றன, ஆளும் மொழியும்தான் வேறு. அன்று பீட், சாத்தாரா. இன்று பீகார், ஒடிசா, உத்தரப்பிரதேசம், அதுவும் பெரும்பாலும் காண்ட்ராக்டர் வழியாக.

கூடவே இன்னொன்றும் வந்திருக்கிறது. இந்தப் பகுதிப் பொறியியல் மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்கு 'வேலையிட அபாய மதிப்பீட்டுக் கருவி' என்று எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எங்கள் காலத்தில் இறுதியாண்டுத் திட்டம் என்றால் ஒரு கியர் பாக்ஸ், இல்லாவிட்டால் ஒரு ஜிக். விரலைப் பற்றி ஒரு மாணவன் திட்டம் எழுதுவான் என்று யாராவது அன்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஆகவே ஒரு கல்லூரியில் புறத்தேர்வாளராகக் கூப்பிட்டபோது ஆசையோடு போனேன்.

மூன்று பேர், இரண்டு பெண்கள், ஒரு பையன். கைப்பேசியில் ஓடும் ஒரு செயலி செய்திருந்தார்கள். மெஷினைப் படம் எடுத்து, கேள்விகளுக்குப் பதில் நிரப்பினால் ஓர் எண் வரும். எண்ணுக்கு ஏற்ப பச்சை, மஞ்சள், சிவப்பு. உள்ளே இருப்பது ஃபைன்–கின்னி முறை. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடங்களில் 1971-இல் வில்லியம் ஃபைன் தொடங்கிவைத்து, 1976-இல் கின்னியும் விருத்தும் திருத்தியது. விபத்து நேரும் வாய்ப்புக்கு ஓர் எண், அந்த அபாயத்தின் முன் ஆள் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதற்கு ஓர் எண், நேர்ந்தால் வரும் விளைவுக்கு ஓர் எண். மூன்றையும் பெருக்க வேண்டும். 400-ஐத் தாண்டினால் வேலையையே நிறுத்து என்பது விதி.

அவர்கள் போசரியில் ஒரு பட்டறையில் போட்ட கணக்கைக் காட்டினார்கள். பவர் பிரஸ்: வாய்ப்பு 6, நாள் முழுதும் அதன் முன்னால் இருப்பதால் 10, கடுமையான காயம் என்பதால் 7. பெருக்கினால் 420. சிவப்பு. தீர்வாக மெஷினின் வாயில் ஒளித்திரை சென்சார் பொருத்தச் சொல்லியிருந்தார்கள். கை குறுக்கே வந்தால் மெஷின் நிற்கும். ஆகவே வாய்ப்பு 6-லிருந்து 0.5. மொத்தம் 35. திரையில் பச்சை வந்தது. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "அந்த பிரஸ்ஸில் கிளட்ச் எந்த வகை?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். காற்றழுத்தத்தில் இயங்கும் கிளட்ச் என்றால் ராமைப் பாதி வழியில் பிடித்து நிறுத்தலாம். அங்கே ஒளித்திரை உயிர் காக்கும். சின்னப் பட்டறைகளில் இன்றும் ஓடும் பழைய மெஷின்கள் சாவிக் கிளட்ச் கொண்டவை. சாவி ஒருமுறை விழுந்துவிட்டால் சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றித்தான் விடும். நடுவில் நிறுத்த எதனாலும் முடியாது. சென்சார் கையைப் பார்க்கும், சிக்னல் கொடுக்கும், ராமும் இறங்கும். காகிதத்தில் 420 வெறும் 35 ஆனது. மெஷினுக்கு முன்னால் 420 அப்படியே நிற்கிறது. இன்னும் மோசம், சென்சார் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அந்த ஆள் கையைத் தைரியமாக உள்ளே விடுவார். இந்த மெஷினுக்கு வேண்டியது கை நுழையாத நிலைக்கூண்டு, தகட்டைத் தள்ளி எடுக்க ஒரு காந்தக்கோல் அல்லது இடுக்கி, சாவியையும் ஸ்பிரிங்கையும் தேதி வைத்து மாற்றும் பழக்கம். முடிந்தால் கிளட்சையே மாற்றுவது.

அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் அந்தப் பட்டறைக்குப் போய், ஒரு நாள் முழுக்க நின்று, கணக்குப் போட்டிருந்தார்கள். அந்த வயதில் நான் செய்யாததை அவர்கள் செய்தார்கள். ஆனால் கேள்விகளுக்குப் பதில் கொடுத்தது யார் என்று கேட்டேன். பட்டறையின் மேனேஜர் என்றார்கள். மெஷினில் இருந்த ஆபரேட்டர்? "அவர் வேலையில் இருந்தார் சார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று…" நல்ல மனதோடு சொன்ன பதில்தான். 1986-இல் அந்த மூத்தவரை யாரும் கேட்காமல் இருந்ததற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அன்று படிவத்தில் ஒரு சொல். இன்று திரையில் ஒரு நிறம். மெஷினின் குரலைக் கேட்டவர் இரண்டிலும் வெளியே நிற்கிறார்.

இந்தக் கருவி யாருக்காக என்ற கேள்வியும் அங்கிருந்துதான் பிறக்கிறது. பெரிய ஆலைக்கு இது தேவையே இல்லை. அங்கே பாதுகாப்புத் துறை இருக்கிறது, ஐஎஸ்ஓ 45001 சான்றிதழ் இருக்கிறது, அதற்கென்று படித்தவர்களும் இருக்கிறார்கள். மும்பை சயானில் உள்ள மத்தியத் தொழிலாளர் நிறுவனம் அந்தப் படிப்பைத் தருகிறது. திருச்சி என்ஐடியிலும் சிவகாசி மெப்கோ கல்லூரியிலும் அதற்கு முதுநிலைப் பட்டமே உண்டு. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்பதற்கான எண்ணிக்கையை 1,000-லிருந்து 500 ஆகக் குறைத்திருக்கிறது. அது நல்லது. ஆனால் அதே தொகுப்பில், மின்சாரத்தில் ஓடும் ஓர் இடத்துக்குத் 'தொழிற்சாலை' என்ற பெயர் கிடைக்க 1948-இன் சட்டத்தில் இருந்த 10 பேர் இப்போது 20 பேர் ஆகிவிட்டார்கள். எங்கள் 14 பேர் பட்டறை அன்று தொழிற்சாலை. இன்று இருந்தால், அது தொழிற்சாலை இல்லை.

விரல்களோ அந்த எண்ணிக்கைக்குக் கீழேதான் அதிகம் போகின்றன. ஹரியானாவின் மானேசரில் தொடங்கி, அடிபட்ட வாகனத் துறைத் தொழிலாளர்களோடு வேலை செய்யும் சேஃப் இன் இந்தியா அமைப்பு 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. கை நசுங்குவதற்கு முதன்மைக் காரணமாக அவை காட்டுவது பவர் பிரஸ்ஸைத்தான். நடக்கும் இடமாகக் காட்டுவது பெரிய கம்பெனிகளுக்குச் சாமான் செய்து கொடுக்கும் பட்டறைகளை.

எந்தப் பதிவேட்டிலும் இல்லாத இடங்களும் உண்டு. 2023 டிசம்பர் 8. சிஞ்ச்வட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் தளவடேயில், பிறந்தநாள் கேக்கின் மேல் குத்தும் மத்தாப்பு மெழுகுவர்த்தி செய்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. அனுமதி இல்லாமல் நடந்த இடம். அன்றே ஆறு பேர் இறந்தார்கள். பிறகு மருத்துவமனையில் இன்னும் பலர். பெரும்பாலும் பெண்கள், அக்கம்பக்கத்துக்காரர்கள். சிவகாசிப் பக்கத்தில் 2012 செப்டம்பரில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை எரிந்ததைச் செய்தியில் பார்த்தபோது என்ன தோன்றியதோ, அதேதான் இங்கேயும் தோன்றியது: உள்ளே இருந்தவர்களில் யாரோ ஒருவருக்காவது முந்தின நாளே தெரிந்திருக்கும். மருந்து நெடி கூடியிருந்ததோ, வாசலை மூட்டைகள் அடைத்திருந்ததோ, ஏதோ ஒன்று.

மாணவர்களுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு வந்திருக்கலாம். மனம் கேட்கவில்லை. துறைத் தலைவரிடம் சொல்லி ஒரு மாத அவகாசம் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை அவர்களோடு நானும் அதே பட்டறைக்குப் போனேன். முதலாளி நல்ல மனிதர், ஒத்துக்கொண்டார். டீ நேரத்தில் ஆபரேட்டரிடம் உட்கார்ந்தோம். பீகார்க்காரர், ஐம்பது வயதிருக்கும். பிள்ளைகள் அவரைக் 'காகா' என்று கூப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் தயங்கினார். பிறகு அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினார். எந்த டையில் தகடு சிக்கும், எந்த ஷிஃப்டில் விளக்கு மங்கும், மாதக் கடைசியில் ஆர்டர் நெருக்கும்போது யார் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்கிறார்கள், கூண்டு ஏன் மாட்டுவதில்லை (அதன் கம்பி இடைவெளி சின்னது, வேலை தெரியவில்லை) என்று எல்லாமே அவர் சொல்லித்தான் தெரிந்தது. செயலியில் இருந்த 38 கேள்விகளில் இவற்றுக்கு ஓர் இடமும் இல்லை.

பிள்ளைகள் செயலியைப் பிரித்துப்போட்டு மறுபடி செய்தார்கள். எண்களை எடுத்துவிடவில்லை, பின்னுக்குத் தள்ளினார்கள். முதலில் குரல்: இந்தியிலும் மராத்தியிலும் செயலி கேட்கும், ஆபரேட்டர் பேசினால் போதும், எழுத வேண்டாம். பெயர் கேட்காது. மெஷினின் கிளட்ச் வகை தெரியாமல் எந்தத் தீர்வையும் அது காட்டாது. அந்தப் பூட்டைப் பையன் வைத்தான், நான் சொல்லாமலே. எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் முதல் கேள்வி இரண்டு பெண்களில் ஒருத்தி எழுதியது.

கடைசி நாள் சோதனைக்குப் போனபோது காகாவின் கையில் கைப்பேசியைக் கொடுத்தார்கள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். செயலி இந்தியில் கேட்டது: இந்த மெஷின் கடைசியாக எப்போது டபுள் அடித்தது?

அவர் பட்டறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். முதலாளி கொஞ்சம் தள்ளி நின்றார்.

"மூன்றாம் நம்பர்," என்றார். "போன செவ்வாய்க்கிழமை, ராத்திரி ஷிஃப்ட். இரண்டு தடவை."

மூன்றாம் நம்பரில் அப்போது ஒரு பையன் வேலை செய்துகொண்டிருந்தான். முதலாளி போய் மோட்டாரை அணைத்தார். சக்கரம் சுற்றி ஓயும்வரை எல்லாரும் நின்றோம்.