ஐக்கிய அமெரிக்க மகளிர் ஓப்பன் (கோல்ஃப்)

ஐக்கிய அமெரிக்க மகளிர் ஓப்பன் என்பது ஆண்டுதோறும் ஐக்கிய அமெரிக்காவில் நடைபெறும் மகளிர் கோல்ஃப் போட்டி ஆகும். தமிழில் குழிப்பந்தாட்டம் என்றும் அழைக்கப்படும் கோல்ஃப் விளையாட்டில், மகளிருக்கான ஐந்து முதன்மைப் போட்டிகளுள் இதுவும் ஒன்று. செவ்ரான், மகளிர் பி.ஜி.ஏ., எவியான், மகளிர் பிரித்தானிய ஓப்பன் ஆகியவை ஏனைய நான்கு. இவ்வைந்தனுள் இதுவே மிகப் பழமையானது. 1946 ஆம் ஆண்டில் தொடங்கிய இப்போட்டியை 1953 முதல் ஐக்கிய அமெரிக்க கோல்ஃப் சங்கம் நடத்தி வருகிறது.

பெயரின் பொருள்

ஓப்பன் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் திறந்தது என்று பொருள். இப்போட்டி தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று. விதிகள் குறிப்பிடும் ஆட்டத்திறன் அளவை எட்டிய எந்தப் பெண்ணும், அவர் பரிசுப்பணம் பெறாமல் விளையாடும் அமெச்சூராக இருந்தாலும், விண்ணப்பிக்கலாம். முன்னாள் வாகையாளர்களும் உலகத் தரவரிசையில் முன்னணியில் உள்ளவர்களும் நேரடியாக இடம்பெறுவர். மற்றவர்கள் ஒரே நாளில் 36 குழிகளை ஆடும் தகுதிச்சுற்றில் வென்று வரவேண்டும். 2023 ஆம் ஆண்டில் 2,107 விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன. களத்தில் இறங்குபவர்களின் எண்ணிக்கையோ 156 மட்டுமே.

இவ்வாறு திறந்திருப்பதால் பள்ளிச் சிறுமிகளும் சில வேளைகளில் தகுதி பெற்றுள்ளனர். 2014 ஆம் ஆண்டில் லூசி லீ தம் 11 ஆம் வயதில் தகுதிச்சுற்றில் வென்று, இப்போட்டிக்குத் தகுதி பெற்றவர்களுள் மிக இளையவர் ஆனார்.

ஆட்ட முறை

கோல்ஃப் களம் ஒன்றில் 18 குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் தொடக்க மேடையிலிருந்து பந்தை மட்டையால் அடித்துச் சென்று குழிக்குள் விழச் செய்யவேண்டும். அதற்கு எடுத்துக்கொண்ட அடிகளின் எண்ணிக்கையே அக்குழிக்கான மதிப்பெண். ஆகவே குறைந்த மதிப்பெண் பெறுபவரே முன்னிலை வகிப்பார். தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழிக்கு எடுக்கவேண்டிய அடிகளின் அளவு பார் எனப்படும். அதைவிட ஓர் அடி குறைவாக முடிப்பது பேர்டி எனப்படும்.

போட்டி நான்கு நாள்களில் 72 குழிகளாக ஆடப்படுகிறது. முதல் இரு நாள்களின் முடிவில் முதல் 60 இடங்களைப் பிடிப்பவர்களும், அறுபதாம் இடத்தில் சமநிலையில் உள்ளவர்களும் மட்டுமே தொடர்ந்து ஆடுவர். நான்கு நாள்களின் கூட்டுத்தொகையில் முதலிடம் சமநிலையானால் சமன்முறிப்பு ஆட்டம் நடத்தப்படும். 2006 வரை இது மறுநாள் 18 குழிகளுக்கு ஆடப்பட்டது. 2007 முதல் மூன்று குழிகளாகவும், 2018 முதல் இரண்டு குழிகளாகவும் குறைக்கப்பட்டது. அதன் பின்னும் சமநிலை நீடித்தால், ஒரு குழியில் முந்துபவரே வாகையாளர்.

தொடக்க காலம்

முதற்போட்டி 1946 ஆம் ஆண்டில் வாசிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரில் நடைபெற்றது. இருவர் இருவராக மோதி, அதிகக் குழிகளை வென்றவர் அடுத்த சுற்றுக்குச் செல்லும் முறையில் அது ஆடப்பட்டது. இறுதியாட்டத்தில் பெட்டி ஜேம்சனை வீழ்த்தி பேட்டி பெர்க் வாகை சூடினார். மொத்த அடிகளைக் கணக்கிடும் இன்றைய முறை 1947 ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டு ஜேம்சன் 295 அடிகளில் வென்றார்.

மகளிருக்கென முதலில் உருவான தொழில்முறைச் சங்கம் நிலைக்கவில்லை. 1950 ஆம் ஆண்டில் 13 பெண்கள் இணைந்து மகளிர் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தை நிறுவினர். அது எல்.பி.ஜி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது. பெர்க், ஜேம்சன், லூயிஸ் சக்ஸ், பேப் சகாரியாஸ் ஆகியோர் அந்நிறுவனர்களுள் அடங்குவர். ஆடுவதுடன் போட்டிகளை ஏற்பாடு செய்யும் பொறுப்பும் அன்று அவர்களிடமே இருந்தது. 1953 ஆம் ஆண்டில் இப்போட்டியின் பொறுப்பு ஐக்கிய அமெரிக்க கோல்ஃப் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இவர்களுள் பேப் சகாரியாஸ் 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலிலும் 80 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்திலும் தங்கப் பதக்கம் பெற்றவர். 1948, 1950 ஆகிய ஆண்டுகளில் இப்போட்டியை வென்றார். 1953 ஆம் ஆண்டில் குடற்புற்றுநோய்க்காக அறுவை மருத்துவம் செய்துகொண்டார். மறு ஆண்டு மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் மன்றக் களத்தில் 12 அடிகள் வேறுபாட்டில் மூன்றாம் முறையாக வென்றார். அப்போது அவருக்கு வயது 43. அந்நோய் மீண்டும் தாக்கியதால் 1956 ஆம் ஆண்டில் காலமானார்.

1957: மதிப்பெண் அட்டை

இப்போட்டியின் வரலாற்றில் மிகுதியாக விவாதிக்கப்பட்ட நிகழ்வு 1957 ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் விங்டு ஃபுட் களத்தில் நிகழ்ந்தது. அவாயைச் சேர்ந்த ஜாக்கி பங் மொத்தம் 298 அடிகளில் ஆட்டத்தை முடித்தார். பெட்சி ரால்ஸ் 299 அடிகளில் முடித்தார். 1953 ஆம் ஆண்டின் சமன்முறிப்பு ஆட்டத்தில் பங்கை வென்றவரும் இதே ரால்ஸ்தான். இம்முறை ஓர் அடி வேறுபாட்டில் பங் வென்றுவிட்டார் என்றே கூடியிருந்தோர் எண்ணினர்.

கோல்ஃப் விளையாட்டில் ஒருவரின் மதிப்பெண்ணை அவருடன் ஆடுபவர் அட்டையில் குறிப்பார். ஆட்டம் முடிந்ததும் உரியவர் அதைச் சரிபார்த்துக் கையொப்பமிடவேண்டும். இறுதிச் சுற்றின் நான்காம் குழியில் பங் எடுத்துக்கொண்டது 6 அடிகள். அட்டையில் இருந்தது 5. மொத்தம் 72 என்பது சரியாகவே எழுதப்பட்டிருந்தது. பிழையைக் கவனிக்காமல் பங் கையொப்பமிட்டார். உடன் ஆடிய பெட்டி ஜேம்சனின் அட்டையிலும் அதே குழிக்கு அதே பிழை இருந்தது. இருவரும் தகுதிநீக்கம் செய்யப்பட்டனர். ரால்ஸ் வாகையாளராக அறிவிக்கப்பட்டார்.

மொத்தம் சரியாக இருந்தும் தண்டனை ஏன் என்ற கேள்வி எழுவது இயல்பு. விதிகளின்படி கூட்டிப் பார்ப்பது போட்டிக் குழுவின் பணி. ஒவ்வொரு குழிக்கும் உரிய எண்ணுக்கு மட்டுமே ஆட்டக்காரர் பொறுப்பாளி. ஒரு குழிக்கு உண்மையைவிடக் கூடுதலான எண்ணை ஒப்புக்கொண்டால் அக்கூடுதல் எண் அப்படியே நிற்கும். குறைவான எண்ணை ஒப்புக்கொண்டால் தகுதிநீக்கம். பரந்த களத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் ஆடும்போது ஒவ்வோர் அடியையும் நடுவர் பார்க்க இயலாது. எனவே இவ்விளையாட்டு ஆட்டக்காரரின் கையொப்பத்தையே சான்றாகக் கொள்கிறது. வேண்டுமென்றே செய்த பிழைக்கும் கவனக்குறைவால் நேர்ந்த பிழைக்கும் விதி வேறுபாடு காட்டவில்லை.

பங்கின் நிலை கண்டு வருந்திய மன்ற உறுப்பினர்களும் பார்வையாளர்களும் தங்களுக்குள் பணம் திரட்டி அவருக்கு வழங்கினர். அத்தொகை ரால்ஸ் பெற்ற முதற்பரிசான 1,800 டாலரைவிட மிகுதியாக இருந்தது. எனினும் பட்டம் மாறவில்லை. பங் இப்போட்டியை ஒருபோதும் வெல்லவில்லை. அவாய் மண்ணில் பிறந்த மிச்செல் வீ 2014 ஆம் ஆண்டிலும் அலிசன் கார்ப்பஸ் 2023 ஆம் ஆண்டிலும் வாகை சூடினர்.

அமெச்சூர் வாகையாளர்

1967 ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்த போட்டியில் பிரான்சின் கேத்தரின் லக்கோஸ்ட் வென்றார். இவர் புகழ்பெற்ற டென்னிசு வீரர் ரெனே லக்கோஸ்ட்டின் மகள் ஆவார். இப்போட்டியை வென்ற ஒரே அமெச்சூர் இவரே. விதிப்படி அவர் பரிசுப்பணம் பெறவில்லை.

1998 ஆம் ஆண்டுப் போட்டி

1998 ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்தின் பிளாக்வுல்ஃப் ரன் களத்தில் தென்கொரியாவின் பாக் சே-ரியும், ஜென்னி சுவாசிரிபோர்ன் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவியும் சமநிலையில் முடித்தனர். இருவருக்கும் வயது 20. மாணவி அமெச்சூர் ஆவார். மறுநாள் நடந்த 18 குழிச் சமன்முறிப்பில் இருவரும் 73 அடிகள் எடுத்து மீண்டும் சமநிலை அடைந்தனர்.

அவ்வாட்டத்தின் கடைசிக் குழியில் பாக் அடித்த பந்து நீர்நிலையின் சரிவில் புல்லுக்குள் நின்றது. அவர் காலணிகளையும் காலுறைகளையும் கழற்றிவிட்டு நீரில் இறங்கி நின்று பந்தை மேட்டுக்கு அடித்தார். பின்னர் கூடுதலாக ஆடப்பட்ட இரண்டாம் குழியில் பேர்டி அடித்து வென்றார். மொத்தம் 92 குழிகள் ஆடிய பிறகே முடிவு கிடைத்தது.

தென்கொரியா அப்போது கடும் நிதி நெருக்கடியில் இருந்தது. பாக் நீரில் இறங்கிய காட்சி அந்நாட்டில் விடாமுயற்சியின் அடையாளமாகப் போற்றப்பட்டது. அதைத் தொலைக்காட்சியில் கண்ட பல சிறுமியர் கோல்ஃப் பயிலத் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான பாக் இன்-பீ அன்று ஒன்பது வயதினர். பத்து ஆண்டுகள் கழித்து, 2008 ஆம் ஆண்டில், 19 வயதில் இப்போட்டியை வென்றார். 2008 முதல் 2020 வரை நடந்த 13 போட்டிகளில் 9 போட்டிகளைத் தென்கொரியர்களே வென்றனர். 2012 ஆம் ஆண்டில் போட்டி மீண்டும் பிளாக்வுல்ஃப் ரன் களத்துக்கு வந்தபோது சோய் நா-யோன் வாகை சூடினார்.

களங்களும் பரிசுத்தொகையும்

இப்போட்டிக்கு நிலையான களம் இல்லை. ஆண்டுதோறும் இடம் மாறும். ஆயினும் ஆடவர் போட்டி நடைபெறும் புகழ்பெற்ற களங்களுள் சில நெடுங்காலம் மகளிருக்குக் கிட்டவில்லை. கலிபோர்னியாவின் பெபிள் பீச் களத்தில் ஆடவர் ஓப்பன் 1972 ஆம் ஆண்டிலேயே நடைபெற்றது. மகளிர் ஓப்பன் அங்கு முதன்முறையாக நடந்தது 2023 ஆம் ஆண்டில்தான்.

பரிசுத்தொகை 2021 ஆம் ஆண்டில் 55 இலட்சம் டாலராக இருந்து 2022 ஆம் ஆண்டில் ஒரு கோடி டாலராக உயர்ந்தது. அவ்வாண்டின் வாகையாளரான ஆஸ்திரேலியாவின் மின்ஜி லீ 18 இலட்சம் டாலர் பெற்றார். 1957 ஆம் ஆண்டின் முதற்பரிசைப் போல் இது ஆயிரம் மடங்கு. 2024 ஆம் ஆண்டில் மொத்தத் தொகை 1.2 கோடி டாலராகியது. அதே ஆண்டில் ஆடவர் ஓப்பனின் பரிசுத்தொகை 2.15 கோடி டாலர்.

சாதனைகள்

அதிக வெற்றிகள்: பெட்சி ரால்ஸ் (1951, 1953, 1957, 1960), மிக்கி ரைட் (1958, 1959, 1961, 1964), தலா நான்கு.

மிகப்பெரிய வெற்றி வேறுபாடு: 14 அடிகள், லூயிஸ் சக்ஸ், 1949.

72 குழிகளுக்கு மிகக் குறைந்த மொத்த அடிகள்: 271, மின்ஜி லீ, 2022.

மிக மூத்த வாகையாளர்: பேப் சகாரியாஸ், 43 வயது, 1954.

மிக இளைய வாகையாளர்கள்: பாக் இன்-பீ (2008), யூகா சாசோ (2021). வெற்றி பெற்ற நாளில் இருவரின் வயதும் 19 ஆண்டு, 11 மாதம், 17 நாள்.

வெளிநாட்டைச் சேர்ந்த முதல் வாகையாளர்: உருகுவேயின் ஃபே கிராக்கர், 1955.