டெல்லி–டோக்கியோ: தூரம் ஒன்று, நேரம் இரண்டு

டெல்லிக்கும் டோக்கியோவுக்கும் இடையே ஏறத்தாழ 5,860 கிலோமீட்டர். இந்தத் தூரத்தை விமானத்தின் சராசரி வேகத்தால் வகுத்து, பயண நேரம் இவ்வளவு என்று ஒரே விடை சொல்லிவிடுவது வழக்கம். அந்த விடையை நம்பிப் பயனில்லை. டோக்கியோவுக்குப் போக ஏழரை முதல் எட்டு மணி நேரம் ஆகும். திரும்பி வர ஒன்பதரை மணி நேரம்கூட ஆகிவிடும். எந்தத் திசையில், எந்த மாதத்தில் என்று கேட்காமல் நேரத்தைச் சொல்ல முடியாது.

முதலில், 5,860 என்பதே விமானம் பறக்காத பாதையின் நீளம். பூமி உருண்டையின் மேல் இரு நகரங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோடு இமயமலையைத் தாண்டி, திபெத் பீடபூமியின் மேலாகச் செல்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் விமானி உடனே சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தின் தரையே சராசரியாக 4,500 மீட்டரில் இருக்கிறது, இறங்க இடமில்லை. பயணிகளுக்கான ஆக்சிஜனோ பெரும்பாலான விமானங்களில் கால் மணி நேர அளவுதான். அதனால் விமானங்கள் பொதுவாகத் தெற்கே விலகி, மியான்மர் வழியாகச் சீனாவுக்குள் நுழைகின்றன.

ஆனால் சுற்றிப் போவது இரு திசைக்கும் பொது. திரும்பும்போது மட்டும் நேரம் கூடுவதற்குக் காரணம் காற்று. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் தாரைக் காற்று, குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். கோடையில் அது வலுக்குறைந்து வடக்கே நகர்வதால் நேர வித்தியாசமும் சுருங்கும். இந்தக் காற்றை 1920களிலேயே பலூன் விட்டு அளந்தவர் ஜப்பானிய வானிலையாளர் வாசாபுரோ ஓயிஷி. உலகம் படிக்கட்டும் என்று 1926இல் எஸ்பெராண்டோ என்ற செயற்கைப் பொதுமொழியில் அறிக்கை வெளியிட்டார், உலகம் படிக்கவில்லை. 1944இல் டோக்கியோவுக்கு மேலே பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கித் திணறின.

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறதே, மேற்கே போகும் விமானம்தானே சீக்கிரம் சேர வேண்டும் என்று சிலர் வாதிடுவார்கள். பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்வதால் அந்த வாதம் நிற்காது. போகும்போது மிச்சமாவது வரும்போது செலவாகிறது, கூட்டிக் கழித்தால் ஒன்றுதானே என்ற கேள்வி இன்னும் நியாயமானது. சுற்றுப் பாதையை விட்டுவிட்டு, குறுகிய தூரத்துக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றே இல்லாமல் 880 கிலோமீட்டர் வேகத்தில் 5,860 கிலோமீட்டரைப் போய்த் திரும்ப 13 மணி 20 நிமிடம். 120 கிலோமீட்டர் வேகக் காற்று போகும்போது தள்ளி, வரும்போது தடுத்தால் 5 மணி 52 நிமிடமும் 7 மணி 43 நிமிடமும் ஆகும். மொத்தம் கால் மணி நேரம் கூடுதல். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் இழப்பு ஈடாவதில்லை. வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கலாமே என்றால், ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க எரிபொருள் செலவு எகிறும்.

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரமே இருப்பதால், அதைப் பார்த்தும் பறக்கும் நேரத்தை நேரடியாகக் கண்டுபிடிக்க முடியாது. டெல்லியில் இரவு 8 மணிக்குக் கிளம்பி ஏழரை மணி நேரம் பறந்தால், டோக்கியோவில் காலை 7 மணி: பார்வைக்குப் பதினோரு மணி நேரம். அங்கே காலை 11 மணிக்குக் கிளம்பி ஒன்பதரை மணி நேரம் பறந்தால், டெல்லியில் மாலை 5 மணி: பார்வைக்கு ஆறே மணி நேரம். முன்பதிவு செய்கிறவர்கள் டோக்கியோ கடிகாரம் முந்தியிருக்கும் மூன்றரை மணி நேரத்தைப் போகும்போது கழித்தும், வரும்போது கூட்டியும் பாருங்கள்.