வீட்டுக்குள் கடல் வேணுமா? மணலைப் பார்த்து வாங்குங்க!

பாலாற்று மணலும் ஆகாது. ராமேசுவரம் மணலும் கூடாது

விரிஞ்சிபுரத்துக்கும் கடலுக்கும் சுமார் 150 கிலோ மீட்டர் தூரம். ஆனால் ஆசைக்கு ஏது தூரம்?

கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு குட்டிக் கடல். அதில் கடல் சாமந்திக்குள் ஒளிந்து விளையாடும் கோமாளி மீன்! மார்க்கபந்தீசுவரர் கோவில் பக்கம் குடியிருக்கும் ஒருவருக்கு இப்படி ஓர் ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டி வாங்கியாச்சு. விளக்கு மாட்டியாச்சு. கடல் உப்புப் பொட்டலமும் வந்தாச்சு. அடியில் போட மணல்?

"இதுக்குப் போய் காசு செலவு பண்ணுவாங்களா? அதோ கிடக்குது பாலாறு. ரெண்டு வாளி அள்ளிட்டு வா!" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லத்தான் செய்வார்.

கேட்டுவிடாதீர்கள்! கடல் மீன் தொட்டி பிழைப்பதும் பாழாவதும் பெரும்பாலும் அந்த மணலில்தான் இருக்கிறது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

மணலுக்கு உயிரா?

மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. இது மீனுக்கு நஞ்சு. கொஞ்சம் சேர்ந்தாலே மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். மறுநாள் மிதக்கும்.

கடலில் இந்த நஞ்சை ஒழிப்பது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. ஒரு வகை, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. மணலின் ஆழத்தில், பிராணவாயு எட்டாத இடத்தில் இருக்கும் மூன்றாவது வகை, அதையும் வெறும் நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்பிவிடுகிறது.

இந்த பாக்டீரியா எல்லாம் மணலை ஒட்டிக்கொண்டுதான் குடித்தனம் நடத்துகின்றன. கூடவே சின்னஞ்சிறு புழுக்கள், பொடிப் பூச்சி அளவு கடல் உயிர்கள். மிச்சம் மீதியைத் தின்று மணலைக் கிளறி விடுவது இவற்றின் வேலை. இத்தனையும் குடியிருக்கும் மணலுக்குத்தான் 'உயிர் மணல்' என்று பெயர். கடைக்காரர்கள் 'லைவ் சாண்ட்' என்பார்கள்.

வினிகர் சோதனை

பாலாற்று மணலில் பெரும்பகுதி வெங்கச்சங்கல் பொடி. கட்டடத்துக்கு முதல் தரம். ஆனால் பவளத்திட்டு மணல் வேறு சாதி. அது பவளமும் கிளிஞ்சலும் உடைந்து பொடியானது. முழுக்க சுண்ணாம்புச் சத்து. 'அரகோனைட்' என்ற பெயரில் விற்கிறார்கள். கடல் தண்ணீருக்கு இருக்கவேண்டிய காரத் தன்மை குறையாமல் இருக்க இது கொஞ்சம் கைகொடுக்கும்.

எது எது என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. ஒரு கரண்டி மணலில் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு மணல். சும்மா கிடந்தால் வெங்கச்சங்கல்.

வெங்கச்சங்கல் மணலிலும் பாக்டீரியா வளரும். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நம்ம ஊர் ஆற்று மணலுக்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது. தோல் பதனிடும் கழிவு பாலாற்றில் கலந்த கதை ஊரறிந்தது. 1996 ஆகஸ்டு 28-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பில், தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35 ஆயிரம் எக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழாகிவிட்டது என்ற ஆய்வு எடுத்துக் காட்டப்பட்டது. எந்த இடத்து மணலில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இறால், நண்டு, பவளம் போன்றவை தாமிரம் கொஞ்சம் கலந்தாலே தாங்காது.

தவிர, அனுமதி இல்லாமல் ஆற்றில் மணல் அள்ளுவதே குற்றம்!

ராமேசுவரத்தில் அள்ளலாமா?

"அப்போ ராமேசுவரம் போற மச்சான்கிட்ட சொல்லி ஒரு பை கொண்டாரச் சொல்றேன்" என்பீர்கள். அதுவும் கூடாது.

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகள் 1986-ல் கடல்வாழ் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டன. முன்பு அங்கே சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டிப் படகு படகாக ஏற்றினார்கள். அலையைத் தடுக்கும் அரண் போனது. இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் மூழ்கியே போய்விட்டன.

2001-ம் ஆண்டு முதல் பவளத்துக்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம். புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை ஜெயில். அபராதம் 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. "கரையில் கிடந்த செத்த பவளம்தான் சார்" என்றாலும் விடமாட்டார்கள்.

யாராவது ரகசியமாகப் 'பவளம் இருக்கு, கடல் மணல் இருக்கு' என்று விற்க வந்தால் உஷார்! எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். காகிதம் காட்டாவிட்டால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

கடையில் என்ன கேட்கலாம்?

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே போனால் இரண்டு தினுசு கிடைக்கும். ஒன்று, ஈரத்தோடு பையில் அடைத்த உயிர் மணல். மற்றது, காய்ந்த அரகோனைட்.

ஈர மணல் விலை கூடுதல். பையில் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். வேலூர் வெயிலில் லாரியிலும் குடோனிலும் கிடந்த பை என்றால், உள்ளே இருந்த உயிரில் பாதி போயிருக்கும். பிரித்ததும் அழுகின முட்டை நாற்றம் அடித்தால் தொட்டியில் கொட்டாதீர்கள். நல்ல பையாக இருந்தால் குழாய்த் தண்ணீரில் கழுவக்கூடாது. குளோரின் பட்டால் பாக்டீரியா சாகும்.

மணல் பருமன் 1 முதல் 2 மில்லி மீட்டர் இருந்தால் நல்லது. சர்க்கரைப் பொடி மாதிரி இருந்தால் மோட்டார் வேகத்தில் புயல் கிளம்பும். பெரிய துண்டாக இருந்தால் இடுக்கில் அழுக்கு தங்கும்.

எவ்வளவு வாங்குவது? 2 அடி நீளம், 1 அடி அகலத் தொட்டியில் ஒன்றரை அங்குல உயரத்துக்குப் போட 10 கிலோ அளவுக்குப் போதும்.

செலவைக் குறைக்க வழி

முழுதும் உயிர் மணலே வாங்கவேண்டியது இல்லை. காய்ந்த அரகோனைட்டை நன்றாகக் கழுவிப் போடுங்கள். நோயில்லாமல் நன்றாக ஓடுகிற பழைய கடல் தொட்டி வைத்திருப்பவரிடம் இரண்டு கைப்பிடி மணல் கேட்டு வாங்கி அதன்மேல் தூவுங்கள். தயிருக்கு உறை ஊற்றுகிற கதைதான்! 4 முதல் 6 வாரத்தில் காய்ந்த மணலுக்கும் உயிர் வந்துவிடும்.

அதுவரை மீன் வாங்கக்கூடாது. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். சோதனைப் பெட்டி வாங்கி அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் பாருங்கள். இரண்டும் ஏறி, இறங்கி, பூஜ்யத்தில் நின்ற பிறகே முதல் மீன். உப்புக் கலக்கப் போர் தண்ணீர் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீர்தான் சரி.

கழிவு நீர் எங்கே போகும்?

நம்ம பக்கத்துக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் இது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. வாரம் 10 லிட்டர் மாற்றினால் 350 கிராம். வருஷத்துக்கு 18 கிலோ! அதைத் தென்னை மரத்தடியில் கொட்டினால் மரம் வாடும். கிணற்றடியில் கொட்டினால் ஊற்றில் இறங்கும். உப்புத் தோல் ஊறவைத்த தண்ணீரால் கிணறு கரித்த ஊர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மணல் நன்றாக வேலை செய்தால் நைட்ரேட் மெதுவாகத்தான் ஏறும். தண்ணீரைக் கொஞ்சமாக மாற்றினால் போதும். உப்புச் செலவு மிச்சம், மண்ணும் பிழைக்கும்.

ஆகவே, ஆசைப்பட்டவர்கள் முதல் மாதம் மணலை வளர்க்கட்டும். மீனை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.