ஒட்டைப் பிரிப்பதற்கு முன்

வட்டக்கானலிலிருந்து கும்பக்கரைப் பக்கம் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் இருக்கிறது வெள்ளகவி என்ற மலைக்கிராமம். மலைச்சாலையில் பேருந்தில் ஏறி வருபவருக்கு அந்தப் பாதையால் ஒரு பயனும் இல்லை. காப்பிக்கொட்டையைக் குதிரை முதுகில் ஏற்றி இறக்கியே பிழைத்த ஊருக்கு அதுதான் வழி. சாலை இருக்கிறதே என்று பாதையை அடைப்பவர், அதில் நடப்பவரைப் பார்த்திருக்கமாட்டார். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதுபவர்களுக்கும், பழைய நடத்தை ஒன்றை நீக்கும்போது இந்தச் சிக்கல் உண்டு.

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதுபோல் காட்டும் மென்பொருள் ஹைப்பர்வைசர். லினக்ஸில் அந்த வேலையைச் செய்வது கேவிஎம். 2007-இல் கெர்னலில் சேர்ந்தது. அப்படி உருவான மெய்நிகர்க் கணினிக்குள் மற்றொரு ஹைப்பர்வைசரை ஓட்டுவதே அடுக்கு மெய்நிகராக்கம். அடியில் இருப்பது எல்0, நடுவில் எல்1, உச்சியில் எல்2. சில்லுக்கு இத்தனை அடுக்குகள் தெரியாது. எல்1 இடும் மெய்நிகராக்கக் கட்டளைகளை எல்0 இடைமறித்து, தானே சில்லாக நடிக்க வேண்டும்.

அடுக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த நடிப்பில் ஒட்டுகள் விழுகின்றன: பிறர் குறையைச் சமாளிக்க விதியை மீறும் இடங்கள். சில மெய்நிகர்க் கணினிகளின் ஃபர்ம்வேர், கேச் நினைவகத்தை முடக்கும் பிட்டை ஏற்றிவிட்டு, கடைசிவரை இறக்காமலே ஓடியது. அதைச் சமாளிக்க, ஏஎம்டி சில்லுகளில் கேவிஎம் அந்தப் பிட்டைத் தானே அழித்துவிடும். உள்ளிருப்பவர் எழுதிய மதிப்பை மாற்றுவது விதிப்படி தவறுதான். ஆனாலும் அந்த ஒட்டைப் பிரித்தால், பழைய ஃபர்ம்வேரைச் சுமக்கும் கணினிகள் ஒரே இரவில் தவழத் தொடங்கிவிடும்.

பயனர் நிரல்களை உடைக்கக்கூடாது என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாகக் காக்கும் விதி. அதனால் 2015-இல் கேவிஎம்மில் ஒரு சுவிட்ச் வந்தது: ஒட்டு வேண்டாம் என்று கேட்பவருக்கு மட்டும் அது நிற்கும், கேட்காதவருக்குப் பழைய நடத்தையே தொடரும். எந்தெந்த ஒட்டுகளை நிறுத்தலாம் என்று கேட்டறிய வழியில்லாததால், பின்னர் இரண்டாவது சுவிட்சும் தேவைப்பட்டது. என் பார்வையில் இது சோம்பல் அல்ல, பொறுப்பு.

அடுக்கில் இந்தப் பொறுப்பு இன்னும் கனமாகிறது. சுவிட்ச் இருப்பது எல்0-வை இயக்கும் நிரலின் கையில். விளைவைச் சுமப்பதோ எல்1. அது பழைய லினக்ஸாக இருக்கலாம், மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியாகவும் இருக்கலாம். 2018 முதல் அடுக்குக் கணினியின் நிலையைச் சேமித்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறொரு இயந்திரத்துக்கு மாற்ற முடிகிறது. பழைய கெர்னலில் கண்விழித்த எல்1, புதிய கெர்னலின் மேல் வந்து இறங்குகிறது. சில்லைப் பற்றி அதற்கு முதலில் சொன்னதையே புதிய கெர்னலும் சொல்லியாக வேண்டும்.