தின்கிற ஆடு ஏன் மெலிகிறது?

வெம்பக்கோட்டை பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ‘‘எங்களிடம் 12 கன்னி ஆடுகள் இருக்கின்றன. அதில் மூன்று வயது தாய் ஆடு ஒன்று, இரட்டைக் குட்டி போட்ட பிறகு நான்கு மாதமாக மெலிந்துகொண்டே போகிறது. மேய்ச்சலில் குறை இல்லை; தீவனம் வைத்தால் முதலில் வந்து நிற்கிறது. கழிச்சலும் இல்லை. மூன்று முறை பூச்சி மருந்து ஊற்றிவிட்டோம். போன வருடமும் ஓர் ஆடு இப்படித்தான் எலும்பும் தோலுமாகிச் செத்தது. பட்டாசு ஆலைப் பக்கத்துத் தண்ணீர் காரணமாக இருக்குமா? அடுத்து எந்த மருந்து ஊற்றலாம்?’’

அடுத்த மருந்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதலில் அந்த ஆட்டின் புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

தண்ணீர் பற்றிய சந்தேகம் அந்தப் பகுதியில் இயல்பானதுதான். ஆனால், பட்டாசில் சேரும் பேரியம் உப்பு ஆட்டின் வயிற்றுக்குள் போனால் சில மணி நேரத்திலேயே எச்சில் ஒழுகும், கழியும், கால்கள் தளர்ந்து ஆடு விழுந்துவிடும். ஒரே தண்ணீரைக் குடித்த மற்ற ஆடுகளுக்கும் ஏதாவது தெரியும். பதினொரு ஆடுகள் நன்றாக இருக்க, ஒன்று மட்டும் நான்கு மாதமாக உருகுவது அந்த வகை விஷத்தின் போக்கு இல்லை. குடலைத்தான் பார்க்க வேண்டும்.

சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி வட்டாரங்கள் கன்னி ஆட்டின் தாய்மண். கறுப்பு உடம்பில் முகத்தின் இரு பக்கமும் வெள்ளைக் கோடு ஓடினால் பால் கன்னி, செந்நிறக் கோடு ஓடினால் செங்கன்னி. ஆலை வேலை இல்லாத வாரங்களில் வீட்டுச் செலவுக்குக் கை கொடுப்பது கொட்டிலில் நிற்கும் இந்த ஆடுகள்தான். அதில் ஒன்று காரணம் தெரியாமல் போனால், அடுத்தது எது என்ற பயம் வந்துவிடும்.

மெலியும் ஆட்டுக்கு முதல் சந்தேகம் குடற்புழு என்பதில் தவறில்லை. நம் ஊரில் ஆடுகளின் ரத்தத்தை உறிஞ்சும் வயிற்றுப் புழு மிக அதிகம். கீழ் இமையை விரலால் இறக்கிப் பாருங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருந்தால் ரத்தம் இருக்கிறது. வெளுத்துத் தாள் போல இருந்தால் புழுவாக இருக்க வாய்ப்பு அதிகம். கீழ்த்தாடையில் நீர் கோத்துப் பை போலத் தொங்குவதும் புழுவால் வரும். ஆனால், நாம் பேசப்போகும் நோயிலும் முற்றிய கட்டத்தில் இதே வீக்கம் வரலாம். அதனால் தாடையை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது.

புழுக்கைப் பரிசோதனையில் ஒரு கிராமுக்கு எத்தனை புழு முட்டைகள் என்று எண்ணிச் சொல்வார்கள். முட்டை நிறைய இருந்தால் மருந்து கொடுத்து, 10 முதல் 14 நாட்களில் மறுபடியும் எண்ண வேண்டும். முட்டைகள் 95 சதவிகிதத்துக்குக் குறையாமல் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை என்றால், அந்த மருந்துக்குப் புழு பழகிவிட்டது அல்லது அளவு போதவில்லை. கண் மதிப்பில் எடை போட்டு அளவு குறைத்து ஊற்றுவது நம்மிடம் சாதாரணம். ஒரே மருந்தை வருடக்கணக்கில் ஊற்றுவது அதைவிடச் சாதாரணம். முட்டையே இல்லை, இமையும் சிவப்பு, ஆடு மட்டும் மெலிகிறது என்றால் கதை வேறு. பல் தேய்ந்திருக்கிறதா, உடம்புக்குள் சீழ்க்கட்டி இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். அதோடு அவர் நினைக்க வேண்டிய இன்னொரு பெயர், ஜோனீஸ் நோய்.

1895-ல் ஜெர்மனியில் ஒரு மாட்டின் குடலில் இதை முதலில் கண்டார்கள். காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று சிறுகுடலின் கடைசிப் பகுதியில் குடியேறி, குடல் சுவரை மெல்ல மெல்லத் தடிக்க வைக்கிறது. தடித்த குடலால் சத்தை உறிஞ்ச முடியாது. வாய் தின்கிறது, உடம்பில் ஒட்டுவதில்லை. மாட்டுக்கு இந்த நோய் வந்தால் தண்ணீராகக் கழியும். அதனால் சந்தேகம் சீக்கிரம் வரும். வெள்ளாடு, செம்மறியில் புழுக்கை பெரும்பாலும் உருண்டையாகவே விழும், மிஞ்சினால் கொஞ்சம் இளகும். ‘கழிச்சல் இல்லை, அதனால் குடல் நோய் இல்லை’ என்று பலரும் நினைப்பது இதனால்தான்.

வயதும் ஒரு துப்பு. மூன்று, நான்கு மாதக் குட்டி மெலிந்தால் ரத்தக் கழிச்சல் நோயையும் புழுவையும் தேடலாம். ஜோனீஸ் கிருமி குட்டிப் பருவத்திலேயே, தாயின் பாலிலும் சாணம் ஒட்டிய மடியிலும் இருந்து உள்ளே போய்விடுகிறது. ஆனால், வெளியே தெரிவது இரண்டு, மூன்று வயதில்; அதுவும் குட்டி போட்ட களைப்பில். வாசகியின் ஆடு அப்படியே இந்தக் கணக்கில் வருகிறது.

எனக்குத் தெரிந்தவரை விவசாயிகளைச் சலிக்க வைப்பது இதன் பரிசோதனைதான். ஒரே சோதனையில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று சொல்லிவிட முடியாது. புழுக்கையைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், சிவந்த குச்சிகள் கொத்துக் கொத்தாகத் தெரியும். ஆனால், கிருமி தினமும் வெளியே வருவதில்லை. ரத்தத்தில் பார்க்கும் எலிசா சோதனை, நோய் முற்றிய ஆட்டில் நன்றாகக் காட்டிக்கொடுக்கும்; ஆரம்பத்தில் தவறவிடும். பி.சி.ஆர் சோதனை சில நாட்களில் முடியும். கிருமியை வளர்த்துப் பார்க்க மாதக்கணக்காகும். ஆகவே, ‘இல்லை’ என்று ஒருமுறை வந்த சீட்டை வைத்துக்கொண்டு நிம்மதியடையாதீர்கள். மெலிந்த ஆட்டோடு சேர்த்து, மந்தையில் இரண்டு வயது தாண்டிய மற்ற ஆடுகளுக்கும் பார்க்கச் சொல்லுங்கள்.

புழுக்கையைத் தரையில் இருந்து பொறுக்காமல், ஆடு போட்டவுடன் எடுத்து, சுத்தமான பையில் காற்று இல்லாமல் கட்டி, ஐஸ் வைத்து அன்றே உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் சேர்த்துவிடுங்கள். அவர்கள் மாவட்ட கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்புவார்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியும் தூரமில்லை.

ஆடு செத்துப்போனால் உடனே புதைத்துவிடாதீர்கள். போன வருடம் செத்த ஆட்டை மருத்துவர் அறுத்துப் பார்த்திருந்தால் இந்த வருடக் கேள்விக்குப் பாதி பதில் அப்போதே கிடைத்திருக்கும். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் சுவர் தடித்திருக்கும், பக்கத்து நெறிக்கட்டிகள் வீங்கியிருக்கும். அந்தத் துண்டை ஃபார்மலினில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் சந்தேகம் தீரும். வெயிலில் குடல் சீக்கிரம் அழுகும். அதனால் உடனே தகவல் சொல்ல வேண்டும். திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் ஒழுகும் ஆட்டை மட்டும் யாரும் தொட்டு அறுக்கக் கூடாது; அது அடைப்பானாக இருக்கலாம்.

ஜோனீஸ் என்று உறுதியானால், குணமாக்கும் சிகிச்சை இல்லை. மதுராவுக்கு அருகே மக்தூமில் உள்ள மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையம் நம் நாட்டுக் கிருமியைக் கொண்டே தடுப்பூசி உருவாக்கியிருக்கிறது. அது நோயையும் கிருமி வெளியேறுவதையும் குறைக்கும், அடியோடு ஒழிக்காது. நோயுள்ள ஆட்டை மந்தையிலிருந்து பிரித்துக் கழிப்பதுதான் வழி. எப்படிக் கழிப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டிப்போய் வளர்ப்பு ஆடு என்று விற்றுவிட்டால், நோய் இன்னொரு வீட்டுக் கொட்டிலுக்குப் போகும். இதை எழுதும்போதே சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். கையில் இருக்கும் ஆட்டை நஷ்டத்துக்கு விடுவது லேசான காரியம் இல்லை. ஆனால், சந்தையிலிருந்து நாம் வாங்கி வரும் ஆடும் அப்படி வந்ததாக இருக்கலாமே.

கிருமி நிழலும் ஈரமுமான இடத்தில் ஒரு வருடம் வரைகூட உயிரோடு கிடக்கும். கொட்டில் தரையின் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, வெயில் படும்படி விடுங்கள். தீவனத்தையும் தண்ணீரையும் புழுக்கை விழாத உயரத்தில் வையுங்கள். அந்தச் சாணத்தைக் குட்டிகள் மேயும் இடத்தில் எருவாகப் போட வேண்டாம். பாலைக் காய்ச்சியே குடியுங்கள்.

அந்தத் தாயின் இரண்டு குட்டிகளும் இப்போது துள்ளி விளையாடிக்கொண்டிருக்கும். முடிவு வரும் வரை அவற்றைத் தாயிடம் ஊட்ட விடாமல் தனியாக வையுங்கள்; நான்கு மாதக் குட்டிக்குத் தழையும் தீவனமும் போதும். தாய்க்கு நோய் உறுதியானால், பெட்டைக் குட்டி எவ்வளவு லட்சணமாக இருந்தாலும் தாய் ஆடாக வைத்துக்கொள்ளாதீர்கள். கிடாக் குட்டியையும் பொலிகிடாவாக விடாமல் கறிக்கே கொடுத்துவிடுங்கள்.