கூட்டமே இல்லாமல் போன இரண்டு ஆண்டுகள்

2023 மார்ச் 19 நள்ளிரவோடு கண்டி மாநகர சபையின் பதவிக்காலம் முடிந்தது. அக்குறணை, ஹாரிஸ்பத்துவ, யட்டிநுவர, குண்டசாலை என்று நகரைச் சுற்றியுள்ள பிரதேச சபைகளும் அதே இரவில் கலைந்தன. புதிய சபைகளைத் தெரிவுசெய்ய மார்ச் 9 என்று நாள் குறித்திருந்தார்கள். திறைசேரி பணம் தராததால் வாக்களிப்பு நடக்கவில்லை. தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்ட் 22இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாம் வாக்குச்சாவடிக்குப் போனது 2025 மே 6ஆம் திகதிதான்.

இந்த இடைவெளியில் மாநகர சபையை ஆணையாளரும் பிரதேச சபைகளைச் செயலாளர்களும் நடத்தினார்கள். குப்பை அள்ளப்பட்டது, ஆதன வரி அறவிடப்பட்டது, கடை வாடகை வாங்கப்பட்டது, ஒப்பந்தங்களும் கொடுக்கப்பட்டன. மாதாந்தக் கூட்டம் மட்டும் இல்லை. ஒரு செலவைக் காட்டி, "இதற்கு யார் அனுமதி கொடுத்தது?" என்று எழுந்து கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லை. அதிகாரிகள் மீது நான் பழி சுமத்தவில்லை. ஆனால் கேட்க ஆளில்லாத இடத்தில், நேர்மையானவர் எழுதிய கணக்கும் திருடியவர் எழுதிய கணக்கும் வெளியே நிற்பவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்.

சபைப் பணம் என்றதும் பலர் பெரிய கட்டடங்களை நினைக்கிறார்கள். கண்காணிக்க வேண்டியது சில்லறைச் செலவுகளை. வட மத்திய மாகாணத்தின் முன்னாள் முதலமைச்சர் எஸ்.எம். ரஞ்சித்துக்கு 2025 ஏப்ரலில் கொழும்பு மேல் நீதிமன்றம் 16 ஆண்டுக் கடூழியச் சிறை விதித்தது. வழக்கு எரிபொருள் கொடுப்பனவைப் பற்றியது. உள்ளூராட்சியிலும் எரிபொருள் ஓயாத செலவு. கண்டி நகரின் குப்பை நாள்தோறும் மகாவலிக் கரையிலுள்ள கொஹாகொடவுக்குப் போகிறது. ஒவ்வொரு வாகனத்துக்கும் 'ரன்னிங் சார்ட்' உண்டு: எங்கே போனது, எத்தனை கிலோமீற்றர், எத்தனை லீற்றர் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்த ஒரு தாளையும் எரிபொருள் பற்றுச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், கணக்காய்வாளருக்கு மட்டுமல்ல, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் கணக்கு விளங்கும்.

சபை மீண்டும் கூடிவிட்டதால் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடாது. பொதுக் கூட்டத்தில் கையுயர்த்தி நிறைவேற்றப்படும் பல தீர்மானங்கள், அதற்கு முன்பே நிதிக் குழுவிலோ கட்சிக்காரர்கள் தனியே கூடும் அறையிலோ முடிவாகிவிடுகின்றன. சில நேரம் சபை மண்டபத்துக்குள்ளேயே மறைவு வந்துவிடுகிறது. 2025 ஜூன் 16இல் கொழும்பு மாநகர முதல்வர் தெரிவு இரகசிய வாக்கெடுப்பில் நடந்தது. விராய் கெலி பல்தசார் 61க்கு 54 என்று வென்றார். எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்பது அவருக்கு வாக்களித்தவருக்குத் தெரியாது. வாக்காளனின் வாக்கு இரகசியமாக இருக்க வேண்டியது அவனது பாதுகாப்புக்காக. அவனுடைய பிரதிநிதிக்கு அதே திரை எதற்கு என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இந்தத் திரையை விலக்க, நம் கையில் ஒரு சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தது. உள்ளூராட்சி மன்றங்களும் அதற்குள் அடங்கும். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அங்கும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. அதிகம் பேசப்படாத 9ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமென்றால், வேலை தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே விபரங்களை மக்களுக்கு அறிவிக்கும் கடமை உரிய அமைச்சருக்கு உண்டு. இன்றைய விலைவாசியில் சிறியதொரு கொங்கிறீட் பாதைகூட அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

கேட்கும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். "பணம் எங்கே போனது?" என்று எழுதினால் பதில் வராது; அது குற்றச்சாட்டு. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இப்படித் தகவல் கேட்கும்படி நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் தோட்டங்கள். கலஹா, தெல்தோட்டை, பன்வில பக்கத்துத் தோட்ட மக்கள் பிரதேச சபைத் தேர்தலில் வாக்களித்தார்கள். ஆனால் சபைப் பணத்தை லயன்களுக்கும் தோட்டப் பாதைகளுக்கும் செலவிட 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக நின்றது. உறுப்பினரிடம் போனால் "அது தோட்டத்துக்குரியது" என்பார். தோட்டத் துரையிடம் போனால் சபையைக் காட்டுவார். 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டு, தோட்ட நிர்வாகத்துடன் கலந்து பேசிச் சேவை வழங்க வழி பிறந்தது. முப்பது ஆண்டுகள் சபைப் பணம் எட்டாத மக்களுக்கு, இன்று தம் பெயரில் ஒதுக்கப்படும் தொகை பாதையாக மாறியதா என்று பார்க்கும் உரிமை மற்றவரைவிட ஒரு பிடி கூடுதலாகவே உண்டு.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் தமிழில் தொடர்புகொண்டு தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. ஒரு தோட்டப் பாதைக்கு இப்படி எழுதினால் போதும்: பாதையின் பெயர், வேலை நடந்த ஆண்டு. அதற்கு அனுமதி கொடுத்த கூட்டத்தின் அறிக்கை. ஒப்பந்தம், அளவுப் பட்டியல், வேலை முடிந்ததென்று கையொப்பமிட்ட சான்று, பணம் கொடுத்த வவுச்சர், இவற்றின் பிரதிகள். பிரதி கைக்கு வந்ததும் ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பாதைக்குப் போங்கள்.