தின்பது மலை, ஜீரணமாவது பாதி!

யானைப் பசிக்குச் சோளப்பொரி போதுமா என்று கேட்பார்கள். யானையின் பசிதான் எவ்வளவு?

வளர்ந்த யானை ஒன்று நாள் ஒன்றுக்கு 150 கிலோவுக்கு மேல் பசுந்தீவனம் தின்னும். 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். களக்காடு-முண்டந்துறை மலைக் காட்டில் திரியும் யானைக்குப் பொழுதில் பெரும் பகுதி தின்பதிலேயே போய்விடும். புல், மூங்கில், மரப்பட்டை, வேர் என்று ஒன்றையும் விடாது.

அசை போடாத பிராணி

இவ்வளவு தீவனம் எதற்கு? அதன் ஜீரணம் அப்படி!

மாட்டுக்கு இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு. தின்றதை அது அசை போட்டு மறுபடி மெல்லும். யானைக்கு இரைப்பையில் ஒரே அறைதான். அசை போடவும் தெரியாது. புல்லும் தழையும் பெருங்குடலுக்குப் போன பிறகே முக்கிய வேலை நடக்கிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி கிருமிகள் இருக்கின்றன. இவை நோய்க் கிருமிகள் அல்ல; நல்ல கிருமிகள். நாரைப் புளிக்க வைத்துச் சத்தாக மாற்றித் தருபவை இவைதான்.

அப்படியும் தின்றதில் பாதிகூட ஜீரணமாவதில்லை. மீதி லத்தியாக வெளியே வந்துவிடுகிறது. யானை லத்தியில் நார் நாராகத் தெரிவது இதனால்தான்.

ஆறு முறை பல்

மனிதனுக்குப் பால் பல் விழுந்து ஒரு முறை பல் முளைக்கும். யானைக்கோ ஆயுளில் ஆறு தொகுதி கடைவாய்ப் பற்கள், ஒன்று தேய ஒன்றாக வரும். ஆறாவதும் தேய்ந்துவிட்டால் வேறு பல் இல்லை. சரியாக மெல்லாத தீவனம் குடலை அடைத்துக் கொள்ளும். கிழட்டு யானைக்குத் தழையை நறுக்கிக் கொடுப்பது இதற்காகத்தான்.

அன்பே ஆபத்து

கோவில் யானைக்குப் பக்தர்கள் வாழைப்பழம், தேங்காய், வெல்லம், சோறு என்று அள்ளிக் கொடுக்கிறார்கள். இவற்றில் மாவும் சர்க்கரையும் அதிகம், நார் குறைவு. அளவு மீறினால் நல்ல கிருமிகள் கெடும். வாயு சேரும். வயிற்று வலி வரும். காட்டு யானையைப் போல நடையும் இல்லாததால் உடம்பு பெருக்கும். அந்தப் பாரம் முழுவதையும் கால் மூட்டுகள் தாங்க வேண்டும்.

திருநெல்வேலி நெல்லையப்பர் கோவில் யானை காந்திமதியை ஊரே அறியும். 1985-ல் கோவிலுக்கு வந்தது. பிற்காலத்தில் எடை கூடிவிட்டது என்று டாக்டர்கள் சொன்னார்கள். உணவில் கட்டுப்பாடு வந்தது. தினமும் நடைப் பயிற்சி நடந்தது. எடையும் குறைந்தது. ஆனாலும் மூட்டு வலி விடவில்லை. 2022-ல் பக்தர்கள் 12,000 ரூபாய் செலவில் தோல் செருப்பு செய்து கொடுத்தார்கள்!

2025 ஜனவரியில் ஒரு நாள் படுத்த காந்திமதியால் எழ முடியவில்லை. கிரேன் வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். பலன் இல்லை. 12-ந் தேதி உயிர் பிரிந்தது. நெல்லை மக்கள் திரண்டு வந்து கண்ணீர் விட்டார்கள்.

எது நல்ல தீவனம்?

பசும்புல், சோளத்தட்டை, தென்னை ஓலை, ஆல், அரசந்தழை, கூந்தற்பனை ஆகியவையே யானைக்கு ஏற்றவை. சோறு, கேழ்வரகு, கொள்ளு எல்லாம் டாக்டர் சொல்லும் அளவோடுதான். வேண்டிய மட்டும் தண்ணீரும், தினசரி நடையும் அவசியம். கோவில் யானைகளுக்காகத் தமிழக அரசு 2003-ல் முதுமலையில் தொடங்கிய முகாமிலும் இதே முறைதான் இருந்தது: பசுந்தீவனம், அளவான கவளம், நடை, குளியல்.

தீவனத்தை ஒதுக்குவது, லத்தி போடாமல் இருப்பது, படுத்துப் படுத்து எழுவது ஆகியவை வயிற்றுக் கோளாறின் அடையாளங்கள். உடனே கால்நடை டாக்டரை அழைக்க வேண்டும்.

யானைக்கு ஏதாவது கொடுக்க ஆசையா? முதலில் பாகனைக் கேளுங்கள். ஒரு சீப்புப் பழத்தை விட ஒரு கட்டுப் பசும்புல் மேல். பழம் கொண்டு வந்த பிளாஸ்டிக் பையைக் கோவில் வாசலில் போட்டுவிட்டு வராதீர்கள். அது யானையின் வயிற்றுக்குள் போனால் குடலை அடைத்து உயிருக்கே உலை வைக்கும்!